குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் குடிநீர் வரி ஏன் கட்ட வேண்டும்?

கேட்டவர் சென்னைப் புறநகரில், 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதியொன்றில் சொந்த வீட்டில் இருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சென்னைக் குடிநீர் வாரியமான மெட்ரோ வாட்டருக்குக் குடிநீர், கழிவுநீர் வரி கட்டுகிறார். தெருவில் குழாய் பதித்தாகிவிட்டது, தண்ணீர்தான் வரவில்லை. போர் தண்ணீர் உப்பு. லாரிக்கும் கேனுக்கும் மாதம் இரண்டாயிரத்துக்கு மேல் போகிறது. "நான் கட்டும் பணம் எங்கே போகிறது? பேசாமல் இதைத் தனியாரிடம் கொடுத்துவிட்டால் என்ன?" என்று கேட்டிருக்கிறார். "எல்லாம் ஊழல்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அவர் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன்: குழாயில் தண்ணீர் வராததற்கு யார் பொறுப்பு, அந்த ஆளை எங்கே போய்ப் பிடிப்பது?

நான் பொறியாளர் இல்லை. வேறொரு மாவட்டத்தில், குடிநீர் வழங்கும் பொது நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் 27 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். குழாயின் விட்டத்தைப் பற்றிக் கேட்டால் திணறுவேன். பில், பாக்கி, கடன், மானியம் என்றால் பேசுவேன். சென்னை வாரியத்துக்குள் நான் வேலை பார்த்ததில்லை. அதைப் பற்றி இங்கே சொல்வது சட்டத்திலும் பொது ஆவணங்களிலும் இருப்பதுதான். அதைத் தாண்டி என் கருத்தைச் சொல்லும் இடத்தில் கருத்து என்றே சொல்லிவிடுகிறேன்.

முதலில் வரியையும் கட்டணத்தையும் பிரித்துக்கொள்வோம். இரண்டையும் ஒரே அலுவலகம் வாங்குவதால் மக்கள் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள். வரி என்பது உங்கள் வீட்டின் மதிப்பின் மேல் விழுவது. மாநகராட்சி சொத்து வரிக்காக ஒரு ஆண்டு மதிப்பைக் கணக்கிடுகிறது அல்லவா, அதில் 7 சதவீதம் என்பதுதான் பழைய மாநகர எல்லைக்குள் நெடுங்காலம் இருந்த கணக்கு. அதிலும் குடிநீருக்கு ஒன்றரை, கழிவுநீருக்கு ஐந்தரை. ஆண்டு மதிப்பு 30,000 ரூபாய் என்றால் வரி 2,100. நீங்கள் ஒரு குடம் பிடித்தாலும் ஆயிரம் குடம் பிடித்தாலும் வரி மாறாது. கட்டணம் என்பது இணைப்பு உள்ளவர் மாதாமாதம் தருவது. மீட்டர் இல்லாத வீட்டுக்கு அது நீண்ட காலம் மாதம் 50 ரூபாயாகவே இருந்தது, ஆண்டுக்கு 600. அப்புறம் உயர்த்தினார்கள். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 2,100, 600. இப்படிப்பட்ட ஒரு வீட்டிலிருந்து வாரியத்துக்கு வரும் பணம் வீட்டின் மதிப்பிலிருந்து வரும் அளவுக்கு, அது தரும் தண்ணீரிலிருந்து வருவதில்லை. தண்ணீர் தந்தாலும் தராவிட்டாலும் பெரிய பங்கு வந்துகொண்டே இருக்கும். உங்கள் எரிச்சலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இதைக் கேட்டதும் "பார்த்தீர்களா, கொள்ளை" என்று தோன்றும். சரி, மறுபக்கத்தையும் பார்த்துவிடுவோம். மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010-இல் திறந்த கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரக்கூடியது. தனியார் கட்டி, நடத்தி, 25 ஆண்டுக்கு வாரியத்துக்கு விற்கும் ஒப்பந்தம். தொடக்கத்தில் பேசிய விலை ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு. ஒரு வீட்டில் நாலு பேர், ஆளுக்கு 100 லிட்டர் என்று வைத்தால் மாதம் 12,000 லிட்டர். அந்த விலையில் அது சுமார் 580 ரூபாய்த் தண்ணீர். அதை உங்கள் தெரு வரை தள்ளிக்கொண்டு வரும் மின்சாரம், குழாய், ஆள், அப்புறம் அதே தண்ணீர் கழிவாகத் திரும்பும்போது அதைச் சுத்தம் செய்யும் செலவு எல்லாம் தனி. இதற்கு வீட்டுக்காரர் கொடுத்த கட்டணம் 50 ரூபாய். நியாயமாகச் சொன்னால் சென்னைக்கு வருவது முழுவதும் கடல்நீர் அல்ல. பூண்டி, புழல், செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் இதைவிடப் பல மடங்கு மலிவு. ஆனால் ஊர் பெருகப் பெருக, கூடுதலாக வரும் தண்ணீரில் பெரும்பகுதி கடலிலிருந்துதான் வருகிறது. நெம்மேலியில் 2013-இல் ஒரு 10 கோடி லிட்டர் ஆலை, 2024-இல் அதன் பக்கத்திலேயே 15 கோடி லிட்டர் ஆலை, இப்போது பேரூரில் 40 கோடி லிட்டருக்கு வேலை. ஏரி நிரம்பினாலும் மீஞ்சூர் மாதிரியான ஒப்பந்தத்தில் நிலைச் செலவைக் கொடுத்தே ஆக வேண்டும். மழைக்காலத்தில் கடல்நீர் ஆலை நடத்துவது, கொட்டுகிற மழையில் ஏசி போட்டுக்கொள்வது மாதிரிதான். இருந்தாலும் அடுத்த கோடையை நினைத்து நிறுத்த முடியாது.

அப்படியானால் பள்ளத்தை யார் நிரப்புகிறார்கள்? அரசுதான். பெரிய திட்டங்கள் எதுவும் நம் கட்டணத்தில் கட்டப்படவில்லை. நெம்மேலியின் முதல் ஆலைக்கு ஒன்றிய அரசின் மானியம். இரண்டாவதற்கு ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கிக் கடன். பேரூருக்கு ஜப்பான் அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான ஜைக்காவின் கடன், திட்ட மதிப்பு 4,276 கோடி ரூபாய். இந்த வெளிநாட்டுக் கடன் நேராக வாரியத்தின் கைக்கு வராது. ஒன்றிய அரசின் உறுதியோடு மாநிலத்துக்கு வரும்; மாநிலம் அதைக் கடனாகவோ மானியமாகவோ பங்கு முதலாகவோ கீழே இறக்கும். எங்கள் நிறுவனத்திலும் இதே வழிதான். ஒன்று சொல்கிறேன், ஆச்சரியமாக இருக்கும்: ஐந்நூறு கோடி ரூபாய்த் திட்டத்துக்குப் பணம் கிடைப்பது எளிது, ஐந்து லட்ச ரூபாய் வால்வுக்குப் பணம் கிடைப்பது கஷ்டம். புதிய ஆலைக்கு அடிக்கல் இருக்கிறது, திறப்பு விழா இருக்கிறது. பழைய குழாயின் கசிவை அடைத்ததற்கு யார் விழா எடுப்பார்கள்?

ஒவ்வொரு மார்ச் மாதமும் என் மேசையில் ஒரு கத்தைப் பில் இருக்கும். சம்பளம் முதலில் போகும். அதைத் தள்ளினால் மறுநாள் வாசலில் கூட்டம். கடன் தவணை அடுத்தது. தவறினால் அடுத்த தவணை வராது. குளோரின் தந்தவருக்குப் பணம் கொடுக்காவிட்டால் சிலிண்டர் வராது. மின்கட்டணம்தான் எங்களுக்கு எப்போதும் வசதியாகக் காத்திருக்கும். அதுவும் அரசு, நாமும் அரசு, மோட்டாரை நிறுத்திவிடவா போகிறார்கள் என்ற தைரியம். ஆண்டுக்கணக்கில் பாக்கி ஏறும், பிறகு மேலே யாரோ உட்கார்ந்து பேசி ஒரு அரசாணையில் சரிக்கட்டுவார்கள். பராமரிப்புத் தலைப்பில் ஒதுக்கிய தொகையிலிருந்து எடுத்து வேறு பில் கொடுத்த ஆண்டுகள் உண்டு. அந்தக் கோப்புகளில் என் கையெழுத்தும் இருக்கிறது. தேய்மானம் என்று ஒரு வரி ஆண்டறிக்கையில் இருக்கும். அதற்கு நேராகப் பணம் எதையும் நாங்கள் தனியே எடுத்து வைத்ததில்லை. நாற்பது வருஷக் குழாய் உடைந்தால்தான் அது நினைவுக்கு வரும்.

அரசுப் பணம் வருவதில் தவறில்லை. தண்ணீர் உயிர்த் தேவை, வரிப்பணம் அதற்குப் போகலாம். ஆனால் பணம் வரும் திசையைப் பார்த்துத்தான் நிறுவனம் உட்கார்ந்திருக்கும். 2019 கோடையை நினைத்துக்கொள்ளுங்கள். புழல் ஏரி வறண்டு, வாரியம் நாளொன்றுக்குக் கொடுத்த 83 கோடி லிட்டர் 52.5 கோடியாகக் குறைந்தது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்து இறங்கியது. அமைச்சர்கள் வரவேற்றார்கள், தொலைக்காட்சிகள் காட்டின. கணக்குப் போட்டால் ஒரு நடை என்பது அன்றைய விநியோகத்தில் இருநூறில் ஒரு பங்கு. ரயில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த மாதம் ஒரு குடமும் பெரிதுதான். அதற்கென 65 கோடி ரூபாய் தலைமைச் செயலகத்திலிருந்து வந்தது, முடிவும் அங்கிருந்தே வந்தது. வறட்சிக்கென்று வாரியமே சேர்த்து வைத்த நிதி ஒன்று இருந்திருந்தால், ரயில் வருவதற்கு ஆறு மாதம் முன்பே, ஏரி மட்டம் இறங்கத் தொடங்கியபோதே செலவு செய்திருக்கலாம். இது என் கருத்து.

நிர்வாகத்துக்கு வருவோம். மெட்ரோ வாட்டர் என்று நாம் கூப்பிடும் சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது, அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் நாளிலிருந்து இயங்குகிறது. அதற்கு முன் குடிநீரும் சாக்கடையும் மாநகராட்சியின் வேலை. அப்போது மாநகராட்சி எந்த நிலையில் இருந்தது தெரியுமா? 1973 இறுதியில் மன்றம் கலைக்கப்பட்டுவிட்டது. அடுத்த தேர்தல் 1996-இல்தான். அதாவது தேர்ந்தெடுத்த கவுன்சிலர் ஒருவர்கூட இல்லாத காலத்தில், ஊரின் தண்ணீர் ஊர் மன்றத்தின் கையிலிருந்து மாநில வாரியத்துக்குப் போனது. மன்றம் திரும்பி வந்தபோது தண்ணீர் திரும்பி வரவில்லை. இன்றும் வாரியத்தின் தலைவர் துறை அமைச்சர், நிர்வாக இயக்குநர் ஐஏஎஸ் அதிகாரி. உங்கள் வார்டு கவுன்சிலரிடம் போய்க் கத்தலாம், அவர் டெப்போவுக்குப் போன் போட்டு லாரி அனுப்பச் சொல்வார். அதற்கு மேல் அவரிடம் அதிகாரம் இல்லை. வாரியத்தின் பட்ஜெட் அவர் மன்றத்தில் வாக்குக்கு வருவதில்லை.

வாரியத்தின் கையிலும் எல்லாம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏரிகள் நீர்வளத் துறையுடையவை. ஆந்திராவுடன் செய்த 1983 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 12 டிஎம்சி கிருஷ்ணா நீர் வர வேண்டும். முதல் தண்ணீர் வந்ததே 1996-இல். அது எவ்வளவு வரும் என்பது கண்டலேறு அணையின் நிலவரத்தையும் இரண்டு அரசுகளின் பேச்சையும் பொறுத்தது. சாலையைத் தோண்ட மாநகராட்சியோ நெடுஞ்சாலைத் துறையோ அனுமதி தர வேண்டும். உங்கள் தெருவில் குழாய் இருந்தும் தண்ணீர் வராததற்குப் பல இடங்களில் காரணம் ஒரு மேல்நிலைத் தொட்டிக்கு நிலம் கிடைக்காததோ, ஒரு பிரதானக் குழாய் சாலையைக் கடக்க முடியாமல் நிற்பதோ ஆக இருக்கும். 2011-இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக ஒரே வீச்சில் விரிந்தது. 42 உள்ளாட்சிகள் உள்ளே வந்தன. எல்லைக்கோடு ஒரு நாளில் மாறிவிட்டது. குழாய் அப்படி மாறாது. அந்த இடைவெளியில் நிற்பவர் நீங்கள்.

இன்னொரு ஓட்டை மீட்டர். சென்னையில் பெரும்பாலான வீடுகளுக்கு மீட்டர் கிடையாது. மெட்ரோ தண்ணீர் இணைப்பில் அடிபம்பைப் பொருத்தி அடித்து எடுக்கும் பழக்கம் இந்த ஊருக்கே உரியது; குழாயில் அழுத்தம் அவ்வளவு குறைவு! அப்படி வருகிற இடத்தில் மீட்டர் வைத்தால் என்ன ஆகும் என்பதை நான் எங்கள் ஊரில் பார்த்தேன். விடிகாலை வால்வு திறந்ததும் முதலில் காற்று வரும், மீட்டர் முள் பம்பரமாகச் சுற்றும், தண்ணீர் அப்புறம் வரும். "காற்றுக்கெல்லாம் பில் போடுறீங்களா?" என்று ஒரு அம்மா என் மேசையில் பில்லைப் போட்டார். அவர் சொன்னது சரி. அந்த மீட்டர்கள் மூன்று வருஷத்தில் செத்துப்போயின. அதனால் வீட்டுக்கு வீடு மீட்டர் என்ற பேச்சை நான் முதல் வேலையாகச் சொல்ல மாட்டேன். நீர்த்தேக்க நிலையத்தை விட்டு வெளியேறும் குழாயில் ஒரு மீட்டர், பெரிய அடுக்குமாடிகளின் சம்ப்பில் ஒரு மீட்டர், இவ்வளவு போதும். எந்தப் பகுதிக்கு எவ்வளவு போனது, அங்கே எவ்வளவு காணாமல் போனது என்று தெரிந்தாலே பாதிச் சண்டை தீரும்.

தனியாரிடம் கொடுக்கலாமா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது, திருப்பூர். சாயப்பட்டறைகள் நிலத்தடி நீரைக் கெடுத்துவிட்டு, தூர கிராமங்களிலிருந்து லாரியில் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்த காலம். மாநில அரசும் ஐஎல்&எஃப்எஸ் நிதி நிறுவனமும் ஏற்றுமதியாளர் சங்கமும் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கின. காவிரிப் படுகையிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர், செலவு ஆயிரம் கோடியைத் தொட்டது, 2005-இல் தண்ணீர் வந்தது. இந்தியாவில் குடிநீரில் தனியார் முதலீட்டுக்கு முன்னோடி என்று கொண்டாடினார்கள். கணக்கு அழகானது: ஆலைகள் ஆயிரம் லிட்டருக்கு 45 ரூபாய் கொடுக்கும், ஊர்களும் கிராமங்களும் அதில் சிறு பங்கு கொடுக்கும், ஆலைகளின் பணத்தில் ஏழைகளின் தண்ணீர் ஓடும். லாரித் தண்ணீரைவிட 45 ரூபாய் மலிவு என்பதுதான் எல்லாவற்றுக்கும் அச்சாணி.

அச்சாணி கழன்றது. நல்ல மழை பெய்த ஆண்டுகளில் கிணறும் போரும் மலிவாகத் தந்தன, ஆலைகள் குழாயைக் குறைத்துக்கொண்டன. அடுத்து நொய்யல் மாசு வழக்கு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பிறகு கழிவே வெளியேறாத முறைக்கு மாறிய பட்டறைகள் தங்கள் தண்ணீரையே சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தின. நியாயமான மாற்றம்தான், ஆனால் தண்ணீர் வாங்கும் தேவை சுருங்கியது. கடன் தவணை சுருங்கவில்லை. கம்பெனி தடுமாறி, கடனை மறுசீரமைக்க வேண்டியதாயிற்று. இதில் வில்லன் யார் என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. தனியார் வந்ததால் கெட்டது என்று சொல்பவர்களும், அரசு தலையிட்டதால் கெட்டது என்று சொல்பவர்களும் தங்கள் விருப்பத்தைச் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை, இருபது முப்பது ஆண்டுக்கு விற்பனை எவ்வளவு என்று ஒரு அட்டவணையில் எழுதி, அதை நம்பிக் கடன் வாங்கியதுதான் கோளாறு. மழை அந்த அட்டவணையைப் படிப்பதில்லை. தனியார் வந்தால் கசிவு குறையலாம், பில் ஒழுங்காக வரலாம். மழையின் ஆபத்தையும் ஏழை வீட்டின் மானியத்தையும் அவர் தலையில் ஏற்ற முடியாது. ஏற்றினால் அதற்கும் விலை போட்டு நம்மிடமே வாங்குவார்.

பொது நிறுவனமாகவே இருந்து திருந்தியதற்கு உலகம் முழுக்கச் சொல்லும் எடுத்துக்காட்டு கம்போடியாவின் தலைநகர் புனோம்பென். 1993-இல் ஏக் சோன் சான் என்பவர் பொறுப்பேற்றபோது அங்கே உற்பத்தியாகும் தண்ணீரில் 72 சதவீதம் கசிவிலும் திருட்டிலும் போய்க்கொண்டிருந்தது. பணம் கட்டாத பெரிய மனிதர்களின் இணைப்பைத் துண்டிப்பதில் தொடங்கினார். படைத்தளபதி ஒருவர் துப்பாக்கியை நீட்டிய கதையை அவரே சொல்லியிருக்கிறார். 1996-இல் நிறுவனத்துக்குத் தன்னாட்சி கிடைத்தது. கட்டணத்தை மூன்று படியாக உயர்த்தத் திட்டமிட்டு இரண்டு படியோடு நிறுத்திக்கொண்டார்கள். வசூல் ஒழுங்கானதும் மூன்றாவது தேவைப்படவில்லை. ஏழைகளுக்கு இணைப்புக் கட்டணத்தில் பெரும் தள்ளுபடி. இழப்பு ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. 2012-இல் அந்த நாட்டுப் பங்குச் சந்தையின் முதல் பங்காக அந்த நிறுவனம் பட்டியலில் ஏறியது. பெரும்பங்கு அரசிடமே இருக்கிறது.

கேட்கக் கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் அந்த ஊர் மூன்று பெரிய ஆறுகள் கூடும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை, குழாய்க்குத்தான் பஞ்சம். போர் முடிந்த நாடு என்பதால் தொடக்க முதலீட்டை ஜப்பானும் பிரான்சும் மானியமாகக் கொட்டின. அப்போது ஊரும் சிறியது. சென்னைக்கு இவை எதுவும் பொருந்தாது. அங்கிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது வேலைகளின் வரிசைதான்: முதலில் கசிவும் பாக்கியும், அடுத்து கட்டணம்.

மக்கள் பணம் தர மாட்டார்கள் என்று அதிகாரிகள் சொல்வதை நான் முழுதாக நம்புவதில்லை. காரணம் ஆலந்தூர். 1990-களின் இறுதியில், அது தனி நகராட்சியாக இருந்தபோது, பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கேட்டார்கள். அந்தக் காலத்து ஐயாயிரம். குழி தோண்டுவதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் கட்டினார்கள். நகர்மன்றத் தலைவரும் கவுன்சிலர்களும் தெருத் தெருவாகக் கூட்டம் போட்டு, எவ்வளவு வந்தது, மாதம் 150 ரூபாய் ஏன் என்று கணக்குச் சொன்னதுதான் அங்கே நடந்த வித்தை. சொன்னபடி திட்டமும் வந்தது. 2011-இல் ஆலந்தூரும் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. இப்போது அந்தச் சாக்கடை வாரியத்தின் பொறுப்பு.

சிறு ஊர்களுக்குச் சந்தையில் கடன் கிடைக்குமா என்பதையும் தமிழ்நாடு முயன்று பார்த்திருக்கிறது. 2002-இல் 13 உள்ளாட்சிகளை ஒன்றாகக் கட்டி, 30 கோடி ரூபாய்க்குச் சற்று மேலான ஒரு கடன் பத்திரம், 15 ஆண்டு, 9.2 சதவீத வட்டி. தனித்தனியாகப் போனால் எந்த முதலீட்டாளரும் கதவைத் திறந்திருக்க மாட்டார். அசலில் பாதிக்கு அமெரிக்க உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் உத்தரவாதம் தந்தது. தவணை தவறினால் மாநிலம் அந்த ஊர்களுக்குத் தரும் நிதிப் பங்கிலிருந்து பிடித்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடும் இருந்தது. முதலீட்டாளர் நம்பியது ஊரின் தண்ணீர் வசூலை அல்ல, மாநிலம் பிடித்துத் தரும் பணத்தை. அதனால்தான் பத்திரம் வெளியிட்டாலே நிறுவனம் கட்டுப்பாட்டுக்கு வந்துவிடும் என்ற வாதம் என்னிடம் எடுபடுவதில்லை. உருப்படியான புது வருமானம் என்று நான் பார்ப்பது கழிவுநீரைச் சுத்தம் செய்து ஆலைகளுக்கு விற்பது. மணலி ஆலைகள் 1990-களிலிருந்தே இதை வாங்குகின்றன. 2019 முதல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையங்கள் இருக்கின்றன. மழை பொய்த்தாலும் கழிவு பொய்க்காது.

கட்டணத்தை ஏற்ற வேண்டுமா என்றால், ஏற்ற வேண்டும் என்பதே என் கருத்து. லாரிக்கு மாதம் இரண்டாயிரம் கொடுக்கும் நீங்கள் குழாயில் ஒழுங்காக வந்தால் முந்நூறு கொடுக்க மறுக்க மாட்டீர்கள். ஆனால் குடிசைப் பகுதியில் தெருக்குழாயிலும் லாரியிலும் பிடிப்பவருக்கு அந்த வாதம் பொருந்தாது. அவருக்கு மானியம் இருந்தே ஆக வேண்டும், அதை அரசு பட்ஜெட்டில் வெளிப்படையாகக் காட்டிவிட்டுத் தர வேண்டும். எனக்கு உறுத்துவது ஏற்றும் முறை. மின்கட்டணம் கூட வேண்டும் என்றால் ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது, கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும், நீங்களும் நானும் மைக்கைப் பிடித்துத் திட்டலாம், மின்வாரியம் தன் கணக்கை மேசையில் வைத்தே ஆக வேண்டும். மகாராஷ்டிரத்தில் மொத்தமாக வழங்கும் நீரின் விலைக்கு 2005 சட்டத்தில் ஆணையம் அமைத்தார்கள். இங்கே தண்ணீர்க் கட்டணத்துக்கு அப்படி ஒரு மேடை இல்லை. ஆணையம் வந்தால் எல்லாம் தேறிவிடும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். மின்வாரியத்துக்கு ஆணையம் இருந்தும் கடன் மலையாக இருக்கிறது. ஆனாலும் கணக்கு வெளியே வரும்.

இனி உங்கள் வரி. இணைப்பு இல்லை, தண்ணீர் வரவில்லை என்று சொல்லி வரியைக் கட்டாமல் விடாதீர்கள். வரி சொத்தின் மேல் விழுவதால் அந்தக் காரணம் நிற்காது. பாக்கி சேரும், வீட்டை விற்கும்போது அது வந்து நிற்கும். கட்டணம் அப்படி அல்ல. இணைப்பே தராமல் மாதக் கட்டணம் போட்டிருந்தால் பகுதி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு ரத்து செய்யச் சொல்லலாம், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு 10 ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். "ஏன் தண்ணீர் வரவில்லை" என்று கேட்காதீர்கள், "ஏன்" என்றால் தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். உங்கள் பகுதித் திட்டத்துக்கு எந்தத் தேதியில் எவ்வளவு ஒப்புதல் ஆனது, இதுவரை எவ்வளவு செலவானது, உங்கள் தெருக் குழாய் எந்த மேல்நிலைத் தொட்டியோடு இணைய வேண்டும், அந்தத் தொட்டி எந்த நிலையில் இருக்கிறது, உங்கள் வார்டில் கடந்த மூன்று ஆண்டில் வசூலான வரி எவ்வளவு என்று கேளுங்கள். பதில் வந்ததும் அதன் நகலை உங்கள் கவுன்சிலரிடமும் கொடுங்கள். தொட்டிக்கு நிலம் கிடைக்காததுதான் சிக்கல் என்று பதில் வந்தால், அது அவர் மன்றத்தில் எழுப்பக்கூடிய விஷயம், ஏனென்றால் அந்த நிலம் பெரும்பாலும் மாநகராட்சியுடையதாகத்தான் இருக்கும்.